குடும்பத்துக்கு மட்டும்

மிலிந்துக்கு ஒரு வீடு கிடைத்தால்தான் எங்கள் விவாகரத்தையே தொடங்க முடியும் என்றாகிவிட்டது.

மனமொத்துப் பிரிவதென்றால், மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டுமாம். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டும் பிரிந்து வாழலாம், சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது என்று வக்கீல் ஆப்தே மேடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். "ஆனா அத நிரூபிக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துரும் ஹேமாங்கி. வேற அட்ரஸ் ஒண்ணு இருந்தா எல்லாருக்கும் நிம்மதி. முதல்ல அவருக்கு ஒரு வீடு பாருங்க."

எங்களுக்குள் அடிதடி ஏதும் இல்லை. அவனுக்கு வேறு பெண் இல்லை, எனக்கு வேறு ஆண் இல்லை. குடி கிடையாது, கடன் கிடையாது. கேட்கிறவர்களுக்குச் சொல்லத் தகுந்த ஒரு காரணம்கூட இல்லாததுதான் எங்கள் பிரச்சினை. ஒரு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியா?", "பண்ணிட்டேன்" என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிற வாழ்க்கை எத்தனை வருடம் ஓடும்? பிரிந்துவிடலாம் என்று வாயால் முதலில் சொன்னது அவன். மனதுக்குள் முதலில் சொன்னது நான். அதனால் சண்டையே வரவில்லை.

நாங்கள் இருந்த வீடு என் அப்பா எனக்காக வாங்கியது. ஆகவே போக வேண்டியவன் மிலிந்த்தான். எங்கே போவது என்பதைத் தீர்மானித்தவள் சானிகா. எட்டாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகள். விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. நகத்தைக் கடித்தபடி சொன்னாள்:

"நீங்க எப்படியோ போங்க. ஆனா ட்ரெயின் ஏறிப் போயி எங்க அப்பாவ நான் பாக்க மாட்டேன். ஸ்கூல் விட்டு நடந்து போற தூரத்துல பாபா இருக்கணும்."

நடந்து போகிற தூரம் என்றால் பார்லே ஈஸ்ட். பம்பாயில் மராத்திக் குடும்பங்கள் காலை ஊன்றி நின்றுவிட்ட பேட்டை. வாடகை மட்டும் எங்களைப் போன்றவர்களை அங்கிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. மிலிந்த் அந்தேரியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் முப்பத்தைந்தாயிரம் வாடகை தரலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒரு படுக்கையறை உள்ள வீட்டுக்குப் புரோக்கர்கள் ஐம்பதில் ஆரம்பித்தார்கள்.

காசாவது பரவாயில்லை, பேரம் பேசலாம். அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்து கதவைச் சாத்தியது.

"ஃபேமிலியா சார், பேச்சிலரா?"

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசுப்பா."

"அதுதான் சார் இன்னும் கஷ்டம். இருபத்தஞ்சுன்னா படிக்கிற பையன்னு சொல்லி ஏதாவது ஒரு மூலையில நுழைச்சு விட்டுரலாம். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள தன்னந்தனியா இருக்கான்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

ஒருநாள் மனம் வெறுத்துப்போய் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் படுக்கை வாடகைக்கு விடுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஓர் அறையில் மூன்று இளைஞர்கள் இருந்தார்களாம். ரொம்ப மரியாதையாக விசாரித்தார்களாம், "அங்கிள், உங்களுக்குக் கீழ் கட்டில் வேணுமா, மேல் கட்டில் வேணுமா?" என்று. அதைச் சொல்லும்போது மிலிந்துக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

பிரிகிற விஷயம் எங்கள் பிரசன்னா சொசைட்டியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு மாடி, லிஃப்ட் இல்லாத பில்டிங். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். வீடு கிடைத்து, அக்ரிமெண்ட் கையெழுத்தாகி, அவன் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

மழை தொடங்குகிற சமயத்தில் ஹர்ஷத்பாய் என்கிற குஜராத்தி புரோக்கர் மாட்டினார். ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் அவருடைய ஆபீஸ். அவர்தான் மிலிந்திடம் வழி சொன்னார்.

"சார், நீங்க இன்னும் கல்யாணமானவர்தான? அப்ப என்ன கவலை? ஒரு தடவ பாபியக் கூட்டிட்டு வாங்க. புருஷன் பொண்டாட்டியா வந்து நின்னா நான் பத்து வீடு காட்டறேன். அப்புறம் பாபி எங்க இருக்காங்கன்னு எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?"

இதை மிலிந்த் என்னிடம் சாப்பாட்டு மேஜையில், சுற்றி வளைத்துச் சொன்னான்.

"என்ன விட்டுப் போறதுக்கு வீடு பாக்க, நானே உன் பொண்டாட்டியா வந்து நிக்கணுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஞாயித்துக்கெழமை. அவ்வளவுதான்."

"நல்லா இருக்குடா உன் நியாயம்."

"வேற வழி இருந்தா சொல்லு, ஹேமா."

வழி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு ஞாயிறு என்றது எட்டு, ஒன்பது ஞாயிறாக நீண்டது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி ஜோடியாகச் சுற்றியதில்லை. ஒரே குடைக்குக் கீழே, சேற்றில் செருப்பு வழுக்க, ஹர்ஷத்பாயின் ஸ்கூட்டருக்குப் பின்னால் நடந்து பார்லேயின் சந்து பொந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது.

பார்த்த வீடுகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வீட்டில் படுக்கையறை எங்கே என்று கேட்டதற்கு ஹர்ஷத்பாய் ஹாலின் நடுவில் நின்ற ஒரு பிளைவுட் தடுப்பைத் தட்டிக் காட்டினார். "இதோ, இந்தப் பக்கம் ஹால். அந்தப் பக்கம் பெட்ரூம்." இன்னொன்றில் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் சமையல் மேடையை ஒட்டி ஒருக்களித்து நுழைய வேண்டும். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தால் இடுப்பு சுட்டுவிடும். இன்னொன்றின் சொந்தக்காரர், வீட்டைத் தருகிறேன், ஆனால் ஒரு அலமாரியில் என் பொருட்கள் இருக்கும், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவேன் என்றார். அந்த அலமாரி படுக்கையறைக் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்தது.

"நாப்பத்தெட்டாயிரம் சொல்றாரு. நாப்பத்தாறுக்கு நான் பேசி முடிக்கிறேன்" என்றார் ஹர்ஷத்பாய்.

"ஹர்ஷத்பாய், முப்பத்தஞ்சுன்னு சொன்னேன்" என்றான் மிலிந்த்.

"முப்பத்தஞ்சுக்கு பார்லேல பார்க்கிங் கெடைக்கும் சார். கார் வெச்சிருக்கீங்களா?"

ஆவணி பிறப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அதற்கு வீடுகள் மட்டும் காரணமில்லை. மிலிந்தின் நடிப்பும் காரணம். ஒரு வீட்டுக்காரம்மா, ஆட்டே என்று பெயர், எங்களை உட்காரவைத்துச் சாயா கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். மாமியார் இருக்கிறாரா, ஒரு குழந்தையோடு ஏன் நிறுத்திக்கொண்டீர்கள், எந்த எண்ணெயில் சமைப்பாய், எல்லாம். நான் விரல்களைப் பிசைந்துகொண்டு பதில் சொன்னேன். அப்போது மிலிந்த், சொந்தச் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி காகு போட்டு, சிரித்தபடி சொன்னான்:

"காகு, இவ கையால ஆம்டி சாப்பிட்டுப் பாக்கணும் நீங்க. வெறும் பருப்புதான், ஆனா அப்படி ஒரு ருசி. வெளியூர் போனா எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும்."

ஆட்டே காகுவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. தெருவுக்கு வந்ததும் கேட்டேன்.

"பதினாலு வருஷமா தெனம் அந்த ஆம்டியத்தான் தின்னுட்டிருக்க. நல்லா இருக்குன்னு ஒரு நாள் சொல்லிருக்கியா?"

"இப்ப என்ன அதுக்கு?"

"என்கிட்ட சொல்ல வாய் வரல. யாரோ ஒரு பொம்பளகிட்ட வீட்டுக்காக அவ்வளவு அழகா சொல்ற."

"வீடு வேணும்ல ஹேமா!"

"பொய்யாவது சொல்லிருக்கலாம் என்கிட்ட."

அவன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் தோள் நனைந்தது. அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வீட்டையும் ஆட்டே காகு கடைசியில் ஒரு டாக்டர் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

புரட்டாசி வாக்கில் ஒரு நல்ல வீடு வந்தது. மூன்றாவது மாடி. சிறிய ஹால், நிஜமான சுவர்களோடு ஒரு படுக்கையறை, வெளிச்சமான சமையலறை. சொந்தக்காரர் புனேயில் இருந்தார். சீக்கிரம் ஆள் வந்தால் போதும் என்று முப்பத்தாறுக்கு இறங்கிவிட்டார். சானிகாவின் பள்ளிக்கூட மணி அந்த ஜன்னலில் கேட்கும். மிலிந்த் வெறும் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். இந்த இடத்தில் இவன் இருப்பான் என்று எனக்கும் முதல் முறையாகத் தோன்றியது.

சொசைட்டி கமிட்டி ஒருமுறை நேரில் பார்க்கும், அவ்வளவுதான், வெறும் சம்பிரதாயம் என்றார் ஹர்ஷத்பாய்.

வாட்ச்மேன் அறையை ஒட்டி இருந்த ஆபீசில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேர்மன் தாம்லே, ரிட்டையர்டு எஞ்சினியர், வெள்ளை மீசை. மற்ற இருவரும் அவர் பேசுவதற்குத் தலையாட்டுவதற்காக வந்தவர்கள். தாம்லே கனிவாகத்தான் பேசினார்.

"எங்க பில்டிங் அமைதியான பில்டிங். குடும்பங்களுக்கு மட்டும்தான் குடுக்கறது. வீட்ல ஒரு பொம்பள இருந்தா வீடு வீடா இருக்கும், என்ன சொல்றீங்க?"

"ஆமாமா" என்றான் மிலிந்த்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்கதான், ஹனுமான் ரோட் பக்கம். பிரசன்னா சொசைட்டி. சொந்த வீடு. ரிப்பேர் வேலை நடக்கப் போகுது, அதான்..." இதை நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். ஆனால் பில்டிங்கின் பெயரைச் சொல்லக் கூடாது என்று பேசிவைக்க எனக்குத் தோன்றவில்லை.

"பிரசன்னாவா!" தாம்லேயின் மீசை உயர்ந்தது. "சப்னீஸ் அம்மா செக்ரட்டரியா இருக்காங்களே, அதானே? என் மனைவியும் அவங்களும் ஒரே பஜனை மண்டலி. போன வாரம்கூட இங்க வந்து போஹா சாப்பிட்டுட்டுப் போனாங்க. ரிப்பேர்னு ஒண்ணும் சொல்லலியே? இருங்க, ஒரு வார்த்தை கேட்டுர்றேன். அப்படியே உங்களப் பத்தியும் சொல்லுவாங்க."

அவர் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரைத் தேட ஆரம்பித்தார். மிலிந்த் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு யோசனையும் இல்லை. எனக்கு இத்தனை ஞாயிறுகளின் சேறும் ஒட்டுமொத்தமாக நெஞ்சுக்கு ஏறியது.

"போன் பண்ணாதீங்க காகா" என்றேன். "ரிப்பேர் ஒண்ணும் இல்ல. நாங்க பிரியப் போறோம். இந்த வீடு இவருக்கு மட்டும்தான். நான் இங்க இருக்க மாட்டேன்."

தலையாட்ட வந்தவர்களில் ஒருவர் அப்போதும் பழக்கத்தில் தலையை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஹர்ஷத்பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

தாம்லே கைப்பேசியை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

"இவ்வளவு ஒத்துமையா ரெண்டு பேரும் சேந்து வீடு தேடறீங்க. இதே ஒத்துமையில சேந்தே இருந்துட்டுப் போகலாமேம்மா? ஒரு பொண்ணு வேற இருக்குங்கறீங்க."

"காகா, நாங்க வீடு கேட்டு வந்தோம். புத்தி கேட்டு வரல."

"கோவப்படாத. அவரு நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே."

"நல்லவர்தான். அதுக்குத்தான் வீடு கேக்கறோம். கெட்டவரா இருந்தா நான் ஏன் கூட வந்து அலையறேன்?"

அவர் எங்களைப் பார்த்துக் கையைக் கூப்பினார். வீடு இல்லை.

வெளியே மழை விட்டிருந்தது. முனையில் இருந்த வடா பாவ் கடை வரைக்கும் நடந்தோம். அங்கே மிலிந்த் நின்றான்.

"ரெண்டு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"அவரு போனக் கையில எடுத்துட்டாரு."

"எடுக்கட்டுமே. சப்னீஸ் காகுவுக்குத் தெரிஞ்சா என்ன இப்ப? ஒரு நாள் தெரியத்தான போகுது?"

"தெரிஞ்சா என்னவா? அப்ப நீ முன்னாடியே சொல்லிருக்க வேண்டியதுதான? படியில பாக்கும்போதெல்லாம் 'எல்லாம் சௌக்கியம் காகு'ன்னு பல்லக் காட்டினது யாரு?"

"நீதான் சொல்லக் கூடாதுன்ன!"

"நான் சொன்னா உடனே கேட்டுருவியா? மத்ததெல்லாம் கேட்டியா?"

குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நடுத்தெருவில் நின்று நாங்கள் கத்திக்கொண்டது அன்றுதான். கடைக்காரர் எண்ணெயில் கரண்டியை வைத்தபடி எங்களைப் பார்த்தார். "தாதா, ரெண்டு வடா பாவா? வஹினிக்கு மிளகா வேண்டாமா இன்னிக்கு?"

"நான் விரார் போறேன்" என்றான் மிலிந்த். "ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான். இந்த வாடகைல பாதிக்கு அங்க ரெண்டு பெட்ரூம் கெடைக்கும். இந்தப் பிச்சையெடுக்கற பொழப்பு எனக்கு வேணாம்."

"சானிகா?"

"சானிகாகிட்ட நீ சொல்லிரு."

"போறவன் நீ. நான் ஏன் சொல்லணும்?"

அவன் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். நான் வீட்டுப் பக்கம் நடந்தேன். வாங்காத வடா பாவுக்காகக் கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் தாம்லேயைத் தடுத்ததில் ஒரு பயனும் விளையவில்லை. மறுநாள் நான் வேலை பார்க்கிற பேங்கிலிருந்து வந்து கைகால் கழுவுவதற்குள் வாசல் மணி அடித்தது. சப்னீஸ் காகு நின்றார்கள். எங்கள் சொசைட்டியைப் பல வருடமாக ஆண்டுவருகிறவர்கள். மாடி ஏறிய மூச்சிரைப்பு. என் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தயாரானேன். அவர்கள் பிடிக்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தார்கள்.

"நான் செத்தா போயிட்டேன் ஹேமாங்கி?"

"என்ன காகு?"

"என் பில்டிங்ல நடக்கற விஷயத்த எனக்கு அந்தத் தாம்லே பொண்டாட்டி போன் பண்ணிச் சொல்றா. எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சதும் அவளுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? இத்தன நாள் பழகி, எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"சொன்னா எல்லாரும்..."

"எல்லாரும் பேசுவாங்க. பேசட்டும். ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்புறம் தண்ணி டேங்கர் விஷயம் வரும், அதப் பேசப் போயிருவாங்க." அவர்கள் உள்ளே வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். "அவனுக்கு வீடுதான வேணும்? கீழ பாக்வே வீடு எட்டு மாசமா பூட்டிக் கெடக்கே, கண்ணு தெரியலியா ரெண்டு பேருக்கும்?"

தெரியும். தினமும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் போய்வந்தோம். பாக்வே காகா மகனோடு இருக்க நாசிக் போய்விட்டார். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். விடிவதற்கு முன்னால் அது ஓட ஆரம்பித்தால் வீடே அதிரும். ஆடி மாத மழையில் வாசற்படி வரை தண்ணீர் நிற்கும். அதனால்தான் எவரும் வரவில்லை, வாடகையும் ஏறவில்லை. ஆனால் அந்த வீட்டை நானும் மிலிந்தும் ஒருவருக்கொருவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே போவதென்றால் பில்டிங்குக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிரிவதென்றால் பிரிய வேண்டாமா? படி இறங்கினால் புருஷன் என்றால் அது என்ன பிரிவு?

இதை நான் காகுவிடம் சொன்னபோது, "ஊர்ல எடமில்லடி பொண்ணே. கெடைக்கற தூரத்துக்குத்தான் பிரிய முடியும்" என்றார்கள்.

மிலிந்த் விராரில் இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தான். சானிகாவிடம் அவனாலும் சொல்ல முடியவில்லை. பாக்வே வீட்டைப் பற்றிச் சொன்னதும், "வாடகை எவ்வளவு?" என்றான். முப்பது என்றேன். "உனக்குப் பரவால்லியா?" என்றான். பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பரவாயில்லாமல் இருக்க வேறு எந்த இடமும் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. "மோட்டார் சத்தம் உனக்குத்தான், எனக்கில்ல" என்று மட்டும் சொன்னேன்.

அதற்கும் கமிட்டி கூடியது. சப்னீஸ் காகு வீட்டு ஹாலில், எல்லோருக்கும் சாயாவும் பிஸ்கட்டும். விஷயம் தெரிந்த முகங்கள். நான் நினைத்தது போலவே ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டாம் மாடி பிரதான்தான் எதிர்ப்புத் தெரிவித்தார்.

"மிலிந்த் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா பேச்சிலருக்கு வீடு குடுக்கறதில்லன்னு நாமதான ரூல் போட்டோம்? அந்தக் கால் சென்டர் பசங்க பாட்டுப் போட்டுக் கூத்தடிச்சப்ப? அந்தத் தீர்மானத்துல முதல் கையெழுத்தே மிலிந்த் கையெழுத்துதான்."

எல்லோரும் மிலிந்தைப் பார்த்தார்கள். அவன் பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்துக்கொண்டே இருந்ததில் அது உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

"கோர்ட்டு ஆர்டர் வர்ற வரைக்கும் இவன் கல்யாணமானவன்" என்றார்கள் சப்னீஸ் காகு. "கல்யாணமானவன் எப்படி பேச்சிலர் ஆவான்?"

"ஆர்டர் வந்தப்புறம்?"

"அப்ப பாத்துக்கலாம். நம்ம கோர்ட்டு வேகத்துக்கு அதுக்குள்ள இந்த பில்டிங்கையே இடிச்சுக் கட்டிருப்பாங்க."

பிரதான் விடவில்லை. ஏதாவது ஒரு நிபந்தனையாவது வேண்டும் என்றார். கடைசியில், இரவு பத்து மணிக்கு மேல் அந்த வீட்டுக்குப் பெண்கள் யாரும் வரக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள்.

"அது எனக்கும் சேத்தா?" என்று கேட்டேன்.

ஹாலில் எவரும் சிரிக்கவில்லை. பிரதான் நிஜமாகவே யோசித்தார். "உனக்கு அங்க என்னம்மா வேலை?" என்றார்.

"ஒரு வேலையும் இல்ல. கேட்டு வெச்சுக்கறேன்."

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை மிலிந்த் கீழே போனான். டெம்போ வேண்டியிருக்கவில்லை. பில்டிங்கே சேர்ந்து தூக்கியது. அவன் புத்தக அலமாரியைப் பிரதானே ஒரு பக்கம் பிடித்தார். "இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு" என்று படிக்கட்டு முழுக்கச் சத்தம். ஒரு பிரிவு இப்படியா நடக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்றால் கட்டில் சட்டத்தை எடுக்க மூன்று பேர் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஆப்தே மேடத்துக்கு அக்ரிமெண்ட்டின் நகலை அனுப்பினேன். "அதே பில்டிங்கா?" என்று கேட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாசல் வேற, சமையல் வேற, பில் வேற. போதும். வருஷம் இன்னிலேர்ந்து தொடங்குது" என்றார்.

நான் கேட்டது அவன் இல்லாத வீடு. கிடைத்தது அவன் இருமல் படிக்கட்டு வழியாக ஏறி வருகிற வீடு. அவனுக்கு வந்த கூரியரை என்னிடம் கொடுக்கிறார்கள். என் பால் பாக்கெட்டை அவன் வாசலில் போடுகிறார்கள். பேங்குக்குக் கிளம்பும்போது அவன் வீட்டைத் தாண்டாமல் தெருவுக்குப் போக முடியாது. கதவு திறந்திருந்தால் தலையசைக்க வேண்டும்; எவ்வளவு அசைப்பது என்பது இன்னும் இருவருக்கும் பிடிபடவில்லை. மோட்டார் சத்தத்தில் தூக்கமில்லாமல் அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. சானிகா மட்டும் ஸ்கூல் விட்டு வந்ததும் கீழே பாதி நேரம், மேலே பாதி நேரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டு இடத்திலும் டிபன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"ஆயி, பாபாகிட்ட இருக்கற பாத்திரத்துல பருப்பு வேகவே மாட்டேங்குது. கல்லாட்டம் இருக்கு. நம்ம சின்ன குக்கர் தருவியாம்."

"அவனே கேக்கச் சொன்னானா?"

"இல்ல. நான்தான் கேக்கறேன். பாபா பசிக்கலன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு."

மேல் தட்டிலிருந்து சின்ன குக்கரை எடுத்தேன். ரப்பர் வளையம் தளர்ந்திருந்தது. டிராயரைத் துழாவிப் புது வளையம் ஒன்றைத் தேடி மாட்டினேன். பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில் என்று சானிகாவிடம் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

"பாபா எப்பத் திருப்பித் தரணும்னு கேட்டா?"

"திருப்பித் தர வேண்டாம்னு சொல்லு. நான் வேற வாங்கிக்கறேன்."

அவள் படியிறங்குகிற சத்தம் தரைத்தளம் வரை கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு என் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.